சிவிக்குக்கு வின்டர் ரயர்: 16 அங்குலமா, 18 அங்குலமா? ஓல்-வெதர் காணுமா?

கிளுவைவேலி (ஸ்காபரோ)

எல்லாருக்கும் வணக்கம். கார் 2019 ஹொண்டா சிவிக் ஸ்போர்ட், நாலு கதவு. இப்ப கிடக்கிறது 235/40 ஆர்18 (அகலம் 235 மில்லிமீற்றர், பக்கச் சுவர் உயரம் அதில 40 வீதம், றிம் 18 அங்குலம்) ஓல்-சீசன். பக்கத்தில எம்+எஸ் (சேறும் பனியும்) எண்டு அடிச்சிருக்கு. கிழமையில அஞ்சு நாள் விடியப்புறம் 401 நெடுஞ்சாலையில ஓஷாவா, மாதத்தில ஒருக்கா மொன்றியல்.

கடைகளில மூண்டு விதமாச் சொல்லுகினம். எம்+எஸ் காணும் எண்டு ஒருத்தர். ஓல்-வெதர் போட்டால் வருசம் முழுக்கக் கழட்டத் தேவையில்லை எண்டு இன்னொருத்தர். 16 அங்குல றிம்மோட தனிச் செட் எடுக்கச் சொல்லி மற்றவர். காசு இறுக்கமெண்டால் முன்னுக்கு ரெண்டு மட்டும் போடலாமோ? கியூபெக்கின் வின்டர் ரயர் சட்டம் எனக்கும் பொருந்துமோ? விபரம் தெரிஞ்சவை எழுதுங்கோ.

முறுக்காணி (மார்க்கம்)

ரெண்டு மட்டும் போடுறதை முதல் விடுங்கோ. சிவிக் முன் சில்லு இழுக்கிற கார். முன்னுக்கு மட்டும் நல்ல ரயர் இருந்தால் கார் நல்லாக் கிளம்பும், ஸ்டியரிங் சொன்னபடி திரும்பும். அதால ஓட்டுறவருக்கு எல்லாம் சரி எண்ட நினைப்பு வரும். 401இல இருந்து இறங்கிற வளைவில காலை அக்சிலேற்றரில இருந்து எடுத்தவுடன பாரம் முன்னுக்குச் சாயும், பின் சில்லு இலேசாகும், பிடிப்பில்லாத பின்பக்கம் வெளியால அடிச்சுக் கார் சுழலும். நாலும் போட ஏலாதெண்டால் நாலும் பழசாகவே வைச்சு வேகத்தைக் குறைச்சு ஓடுறது அதைவிடப் பாதுகாப்பு.

எம்+எஸ் எண்டது ரயர் கொம்பனி தானே போட்டுக்கொள்ளுற குறி. ட்ரெட்டில (ரோட்டில முட்டுற மேல்முகத்தில) பள்ளம் எவ்வளவு, இடைவெளி எவ்வளவு எண்ட கணக்கு மட்டும்தான் அதில இருக்கு. பனியில ஓட்டிப் பார்க்கிற சோதனை ஒண்டும் இல்லை. நீங்கள் தேட வேண்டியது மூண்டு சிகரம் உள்ள மலை, அதுக்குள்ள ஒரு பனிச்செதில். அந்தக் குறிக்கு உண்மையான சோதனை உண்டு: இறுகின பனியில ஒப்பீட்டு ரயரைவிடக் குறைஞ்சது 10 வீதம் கூடுதலா இழுக்க வேணும்.

அந்தக் குறியிலயும் ஒரு குறை இருக்கு. சோதனை இழுவையை மட்டும்தான் அளக்குது. ஐஸில பிரேக் பிடிச்சால் எவ்வளவு தூரத்தில நிக்கும் எண்டதை அளக்கேல்லை. அதால ஓல்-வெதர் ரயரிலயும் அதே மலைக் குறி இருக்கும், முழு வின்டர் ரயரிலயும் அதே குறி இருக்கும். ஐஸில ரெண்டும் ஒண்டில்லை.

பொதிகைத்தென்றல் (ஒட்டாவா)

முறுக்காணி அண்ணன் சொன்னதோடு ரப்பர் விஷயத்தையும் சேர்க்கிறேன். ஏறத்தாழ 7 டிகிரிக்குக் கீழே வெப்பநிலை இறங்கும்போதே கோடை ரப்பரும் சாதாரண ஆல்-சீசன் ரப்பரும் விறைக்கத் தொடங்கிவிடும். சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் ரப்பர் புதைந்தால்தான் பிடிப்பு கிடைக்கும். விறைத்த ரப்பர் அவற்றின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். பனியே விழாத, காய்ந்த ஒரு நவம்பர் காலையிலும் இது உண்டு. வின்டர் டயரின் கலவை மைனஸ் 30-லும் நெகிழ்ந்திருக்கும்படி செய்யப்பட்டது.

ஐஸில் இன்னொரு சிக்கல். மைனஸ் 20-இல் ஐஸ் ஓரளவு காய்ந்திருக்கும், பிடிப்பும் கொஞ்சம் இருக்கும். பூஜ்ஜியத்தை ஒட்டிய வெப்பநிலையில்தான் மேலே மெல்லிய நீர்ப்படலம் உருவாகி மிக மோசமாக வழுக்கும். டயர் பட்டன்களில் மயிரிழை போல் அலை அலையாக வெட்டியிருப்பார்களே, அந்தக் கீறல்கள் நீரை உறிஞ்சி ஒதுக்கவும், ஓரங்களால் ஐஸைச் சுரண்டவும்தான் இருக்கின்றன. டொரண்டோ குளிர்காலம் பெரும்பாலும் பூஜ்ஜியத்துக்கு மேலும் கீழுமாகத்தான் ஊசலாடும். பகலில் உருகி இரவில் உறைந்த நீர் விடியற்காலை மேம்பாலங்களில் கண்ணுக்கே தெரியாது. நீங்கள் போவது சரியாக அந்த நேரம்.

ஒரு கணக்கு. ஐஸில் ஒரு டயரின் உராய்வுக் கெழு (பிடிப்பின் அளவு) 0.10, இன்னொன்றின் கெழு 0.15 என்று வைத்துக்கொள்வோம். 50 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் முதல் கார் நிற்க 98 மீட்டர், இரண்டாவதுக்கு 66 மீட்டர். இரண்டாவது கார் நின்றுவிட்ட அதே இடத்தை முதல் கார் இன்னும் 29 கி.மீ. வேகத்தில் கடந்துகொண்டிருக்கும். கெழுவில் 0.05 என்பது பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் முன்னால் நிற்கும் லாரியில் மோதுவதும் மோதாததும் அந்த எண்ணில் இருக்கிறது.

நான்கு சக்கர இழுவை உள்ள கார் வைத்திருப்பவர்களும் இதைப் பாருங்கள். அந்த வசதி கிளம்புவதற்கு மட்டும் உதவும். நிற்பதற்கு எல்லாக் காரிலும் நான்கு பிரேக்தான், நான்கு டயர்தான்.

வடக்குவாசல் (மொன்றியல்)

கியூபெக் சட்டம்: டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் ரயர் கட்டாயம். 2019 வரை தொடக்கம் டிசம்பர் 15ஆக இருந்தது, அதைத்தான் பலரும் இன்னும் சொல்லிக்கொண்டு திரியினம். மலைக் குறி இருக்க வேணும் அல்லது உலோக ஆணி பதிச்ச ரயராக இருக்க வேணும். எம்+எஸ் மட்டும் இருந்தால் செல்லாது. தண்டம் 200 இலிருந்து 300 டொலர் வரை.

ஆனால் இது கியூபெக்கில் பதிந்த வாகனங்களுக்கு. ஒன்ராறியோ இலக்கத்தகட்டோட வாற உங்களுக்குத் தண்டம் இல்லை. அதை வைச்சு ஓல்-சீசனோட வரலாம் எண்டு நினைக்காதேங்கோ தம்பி. கார்ன்வால் தாண்டி 20ஆம் நெடுஞ்சாலையில உறைமழை விழுந்தால் தகடு எந்த மாகாணம் எண்டு ரோட்டு பார்க்காது.

பிரிட்டிஷ் கொலம்பியாப் பக்கம் ஓடுற ஆக்களுக்கு: அங்க குறி போட்ட நெடுஞ்சாலைகளில ஒக்டோபர் 1 தொடக்கம், மலைக் கணவாய்ப் பாதைகளில ஏப்ரல் 30 வரை. எம்+எஸ்ஸும் அங்க சட்டப்படி செல்லும், ட்ரெட் 3.5 மில்லிமீற்றருக்குக் குறையக் கூடாது. சட்டம் ஏற்கிறது எண்டதுக்காக எம்+எஸ்ஸோட மலை ஏறுறது புத்தியில்லை.

கிளுவைவேலி

நன்றி. அப்ப நாலு, மலைக் குறியோட. இனி றிம். 18 அங்குலத்திலயே கழட்டி மாட்டலாமோ, 16க்குப் போறதோ? போனால் என்ன அளவு, என்னென்ன பொருந்த வேணும்?

முறுக்காணி

16க்குப் போங்கோ. 235/40 ஆர்18இன் மொத்த விட்டம் 645 மில்லிமீற்றர். 215/55 ஆர்16இன் விட்டம் 643. வித்தியாசம் அரை வீதத்துக்கும் குறைய, அதால வேகமானி பிழைக்காது, ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கேக்க சில்லு பூட்டாமல் காக்கிற அமைப்பு) குழம்பாது. சிவிக்கின் மற்ற வகைகளில அது ஹொண்டாவே போட்ட அளவு. உங்கட பிரேக்குக்கு 16 அங்குல றிம் கொள்ளும். சிவிக்கின் வேக வகைகளான எஸ்ஐ, டைப் ஆர் ரெண்டுக்கும் பிரேக் பெரிசு, அவை இதைப் பார்த்து வாங்கக் கூடாது.

ஏன் 16? பக்கச் சுவர் உயரம் 94 இலிருந்து 118 மில்லிமீற்றருக்குக் கூடும். பனிக்குக் கீழ மறைஞ்ச குழியில விழேக்க றிம் தப்பும். அகலம் 20 மில்லிமீற்றர் குறைய, அதால ஆழமான பனியிலயும் நீர்ச்சேற்றுப் பனியிலயும் மேல மிதக்காமல் வெட்டிக்கொண்டு கீழ இறங்கும். விலையும் 18ஐ விடக் குறைவு.

தனி றிம் ஏனெண்டால், ஒரே றிம்மில வருசத்துக்கு ரெண்டு தரம் ரயரைக் கழட்டி மாட்டினால் ரயரின் விளிம்பு காயப்படும். காற்றுக் கசிவு அங்கதான் தொடங்கும். ஒவ்வொரு தரமும் மாட்டுக் கூலி, பலன்ஸ் கூலி வேற. மூண்டு நாலு வருசத்தில றிம் தன்ர காசைத் தானே தந்திடும்.

பொருந்த வேண்டியவை:

சில்லு பூட்டுற ஆணித் துளை 5, அவை இருக்கிற வட்டத்தின் விட்டம் 114.3 மில்லிமீற்றர். நடுத்துளை 64.1. சந்தையில விக்கிற அலோய் றிம் கனக்க 73.1 நடுத்துளையோட வரும், அப்ப 73.1க்கு 64.1 வளையம் நாலு வேணும். வளையம் இல்லாமல் போட்டால் சில்லு நடுவில இருக்காது, 90 கி.மீ. தாண்ட ஸ்டியரிங் நடுங்கும், எத்தினை தரம் பலன்ஸ் பண்ணினாலும் போகாது. றிம் அகலம் 7 அங்குலம், ஒஃப்செட் (றிம் பூட்டுற முகம் அதின்ர நடுவில இருந்து தள்ளியிருக்கிற தூரம்) 45 மில்லிமீற்றரை ஒட்டி.

நட் விஷயத்தில கவனம். ஹொண்டா கொம்பனி றிம்முக்கு உருண்டை அடி நட். வெளிச்சந்தை றிம் கூடுதலா 60 பாகைக் கூம்பு அடி கேட்கும். உருண்டை நட்டைக் கூம்புத் துளையில போட்டால் மெல்லிய ஒரு வளையத்தில மட்டும்தான் முட்டும். முறுக்கும்போது இறுகினது மாதிரி இருக்கும், ஓட ஓட இளகும், சில்லு கழரும். இருபது நட்டும் கூம்பு, 12க்கு 1.5 மரை, றிம் வாங்கேக்கயே கேட்டு வாங்குங்கோ.

சுமைச் சுட்டெண் பழையதைவிடக் குறையக் கூடாது. உங்கட 18இல 91, அதாவது ஒரு ரயருக்கு 615 கிலோ. 215/55 ஆர்16 வழமையா 93 அல்லது 97இல வரும், பிரச்சினை இல்லை. வேக எழுத்து குறையலாம். வின்டர் ரயரில டி எண்டால் 190 கி.மீ. வரை, கியூ எண்டால் 160. ரெண்டும் காணும்.

பனிக்கடல் (ஒஸ்லோ)

இங்கே நோர்வேயில் இருந்து ஒரு விடயம். வின்டர் டயர் என்று ஒரே பெயரில் இரண்டு சாதி விற்கிறார்கள். ஒன்று மத்திய ஐரோப்பாவுக்கானது: ஜேர்மனி, சுவிஸ் போன்ற இடங்களின் ஈரமான நெடுஞ்சாலை, கூடிய வேகம், இடைக்கிடை பனி. கலவை சற்று இறுக்கம், வேக எழுத்து எச் அல்லது வி. மற்றது நோர்டிக் வகை: ஐஸுக்காக மிக மெதுமையான கலவை, வேக எழுத்து கியூ, ஆர், டி. கனடாவில் இரண்டுமே கிடைக்கும், இரண்டிலும் மலைக் குறி இருக்கும். விடியற்காலை ஐஸ்தான் பயம் என்றால் வேக எழுத்தைப் பார்த்தே நோர்டிக் வகையைப் பிரித்தறியலாம். ஐரோப்பியச் சிட்டை ஒட்டிய டயராக இருந்தால் ஐஸ் பிடிப்புக்குத் தனிச் சின்னம் ஒன்று உண்டு. அது ஐஸில் பிரேக் பிடித்துச் சோதித்த பின் கொடுப்பது, மலைக் குறியைவிட உங்கள் தேவைக்கு நெருக்கமானது.

ஆணி டயர் பற்றி யாராவது கேட்பார்கள். ஈர ஐஸில் ஆணிக்கு நிகர் இல்லை. ஆனால் காய்ந்த தாரிலும் ஈரத் தாரிலும் பிரேக் தூரம் கூடும், சத்தம், வீதித் தேய்மானம், அந்தத் தூசு நுரையீரலுக்குக் கேடு. அதனால்தான் ஒஸ்லோ நகரத்துக்குள் ஆணி டயருக்குக் கட்டணம் வைத்திருக்கிறார்கள்.

முறுக்காணி

ஒன்ராறியோவில ஆணி ரயர் வடக்குப் பகுதி ஆக்களுக்கு மட்டும். ஸ்காபரோவில பதிவுள்ள காருக்குப் போடக் கூடாது. அது உங்கட பட்டியலிலயே வேண்டாம்.

கார்த்திகைப்பூ (பிரம்டன்)

எல்லாரும் ஓல்-வெதரை ஒரேயடியாத் தள்ளிவிடுகிறீர்கள். நான் அப்படி நினைக்கவில்லை. மிஷெலின் குரொஸ்கிளைமேட் 2, நோக்கியன் ரெமடி டபிள்யூஆர்ஜி5, டோயோ செல்சியஸ் 2 மாதிரியானவை பழைய ஓல்-சீசனைவிடப் பனியில் எவ்வளவோ மேல். நகரத்துக்குள் மட்டும் ஓடுபவர், வீதி உப்புப் போட்டுத் துப்பரவாக்கின பிறகு வெளிக்கிடுபவர், தொடர்மாடியில் இருந்து நாலு ரயரை வைக்க இடமில்லாதவர், பனி கொட்டினால் வீட்டில் இருந்து வேலை செய்யக் கூடியவர் எல்லாருக்கும் அது நேர்மையான தெரிவு. கியூபெக் சட்டத்துக்கும் செல்லும்.

வருடம் முழுக்க எம்+எஸ்ஸோடு ஓடுகிறவர்களும் இங்கே இருக்கிறார்கள். அவர்களைத் தனிச் செட் வாங்கு என்று மட்டும் சொன்னால் செலவைப் பார்த்து ஒன்றுமே மாற்றாமல் விட்டுவிடுவார்கள்.

முறுக்காணி

அக்கா, அதில எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேட்டவர் விடியப்புறம் 401இல, உப்பு லொறிக்கு முன்னுக்குப் போறவர். ஓல்-வெதர் கலவை யூலை வெய்யிலையும் தாங்க வேணும், அதால மைனஸ் 15இல நோர்டிக் ரப்பர் மாதிரி மெதுமையாக இராது. இன்னொண்டு, கோடையிலயும் தேயும். மூண்டாவது மாரி வரேக்க ட்ரெட் பாதி போயிருக்கும், அப்ப பனிப் பிடிப்பும் பாதி போயிருக்கும். மலைக் குறி மட்டும் ரயர் குப்பைக்குப் போகும்வரை அப்படியே இருக்கும். ஓல்-வெதர் போடுற ஆக்கள் ஒவ்வொரு ஒக்டோபரிலயும் ஆழம் அளக்க வேணும், அதுதான் என்ர நிபந்தனை.

கார்த்திகைப்பூ

அந்த நிபந்தனை சரி. அவருடைய ஓட்டத்துக்கு முழு வின்டர் என்பதையும் ஏற்கிறேன். என் வாதம் மற்ற ஆக்களுக்கானது, அதில் மாற்றமில்லை.

மின்கார் வைத்திருக்கிற ஆக்களுக்கு: பற்றரி பாரத்தால் சுமைச் சுட்டெண் முக்கியம், எக்ஸ்எல் (கூடிய சுமை தாங்கும் வகை) இல்லாததை எடுக்க வேண்டாம். அக்சிலேற்றரில் இருந்து காலை எடுத்தவுடன் மோட்டர் தானே பிடிக்கும் தடையை ஐஸ் உள்ள நாளில் குறைத்து வைக்க முடிந்தால் குறையுங்கள், இழுக்கும் சில்லு மட்டும் வழுக்க அது காரணமாகும்.

கிளுவைவேலி

சரி, நோர்டிக் வகை. எந்தப் பெயர்? பழைய செட் ஒண்டு கிஜிஜி விளம்பரத் தளத்தில 2018 எண்டு போட்டிருக்கு, பாதி விலை. அதை எடுக்கலாமோ?

வடக்குவாசல்

பக்கச் சுவரில டிஓடி எண்டு தொடங்கிற வரியின்ர கடைசி நாலு இலக்கத்தைப் பாருங்கோ. 4118 எண்டால் 2018இன் 41ஆவது கிழமை. அந்த வரி ரயரின் ஒரு பக்கத்தில மட்டும்தான் முழுசா இருக்கும், உள்பக்கம் திரும்பி இருந்தால் கழட்டாமல் தெரியாது. விக்கிறவர் படத்தில காட்டாட்டில் கேட்டு வாங்குங்கோ. வின்டர் ரயருக்கு ட்ரெட்டைவிட வயது கொடியது. மெதுமையான ரப்பர் காலத்தில இறுகும், ஆழம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஐஸ் பிடிப்பு போயிடும். 2018 செட்டை நான் எடுக்கமாட்டன்.

ஆழம்: புது வின்டர் ரயர் 8 முதல் 9 மில்லிமீற்றர். 4 மில்லிமீற்றருக்குக் குறைஞ்சால் பனி ரோட்டில ஓட வேண்டாம் எண்டு கனடாப் போக்குவரத்து அமைச்சு சொல்லுது. சட்டம் அனுமதிக்கிற அடிமட்டம் அதைவிட மிகக் குறைவு, அதை அளவுகோலா எடுக்காதேங்கோ. ஆழமானி அஞ்சாறு டொலர்தான்.

முறுக்காணி

பெயர்கள்: மிஷெலின் எக்ஸ்-ஐஸ் ஸ்நோ, பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூஎஸ்90, நோக்கியன் ஹக்காபெலிட்டா ஆர்5, கொன்டினென்டல் வைக்கிங்கொன்டாக்ட் 7. நாலில எதை எடுத்தாலும் தப்பில்லை. பிளிசாக்கின் ஐஸ் கலவை ஏறத்தாழ பாதி ஆழம் வரைக்கும்தான், அதுக்குக் கீழ சாதாரண வின்டர் ரப்பர். தொடக்கத்தில அருமையாப் பிடிக்கும், பாதி தேஞ்ச பிறகு வேற ரயர். எக்ஸ்-ஐஸில கலவை முழு ஆழத்துக்கும் ஒண்டு. உங்கட ஓட்டத்துக்கு, கிலோமீற்றர் கூட, காய்ஞ்ச 401உம் கூட, நான் எக்ஸ்-ஐஸ் எண்டுதான் சொல்லுவன். காசு பத்தாட்டில் ஜெனரல் அல்டிமேக்ஸ் ஆர்க்டிக் 12, சத்தம் கொஞ்சம் கூட, பனியில நல்லம்.

எதுவாயிருந்தாலும் ஒக்டோபரில வாங்கி மாட்டுங்கோ. முதல் பனி விழுந்த கிழமையில அளவும் கிடையாது, கடையில இடமும் கிடையாது. முதல் சில நூறு கிலோமீற்றர் காய்ஞ்ச ரோட்டில மெதுவா ஓட வேணும், ரயர் வார்த்த அச்சில பூசின வழுவழுப்பு அப்பதான் போகும்.

கிளுவைவேலி

றிம்மோட எண்டால் வீட்டிலயே மாத்தலாம்தானே? ஒழுங்கைச் சொல்லுங்கோ.

முறுக்காணி

சமதரை, கைபிரேக். நட்டுகளைச் சில்லு தரையில இருக்கேக்கயே அரைச் சுற்று இளக்குங்கோ. ஜக் வைக்கிற இடம் கதவுக்குக் கீழ விளிம்பில ரெண்டு வெட்டுக்கு நடுவில. மற்ற இடத்தில வைச்சால் தகடு நசியும். தூக்கின காருக்குக் கீழ ஜக்கை மட்டும் நம்பி உடம்பை விடாதேங்கோ.

சில்லைக் கழட்டினதும் ஹப் (சில்லு பூட்டுற நடுப்பாகம்) முகத்தைக் கம்பித் தூரிகையால தேச்சுத் துரு எடுங்கோ. இதைத்தான் எல்லாரும் விடுறது. துருப் படையின் மேல சில்லை இறுக்கினால் ஓட ஓடத் துரு நசிஞ்சு நட்டில இளக்கம் வரும். நடுத்துளை விளிம்பில துருத்தடுப்புக் களிம்பு மெல்லிசாப் பூசலாம். ஆணி மரையில எண்ணெயோ களிம்போ போடக் கூடாது, போட்டால் அதே முறுக்கில ஆணி கூடுதலா இழுபட்டு நீளும்.

ரயரில அம்புக்குறி இருந்தால் அது முன்னால ஓடுற திசையில. நட்டுகளைக் கையால தொடக்குங்கோ, நட் இறுக்கிற துப்பாக்கியால அல்ல. நட்சத்திர ஒழுங்கில இலேசா இறுக்கி, காரை இறக்கி, முறுக்கை அளந்து இறுக்கிற டோர்க் ரெஞ்சால 108 நியூட்டன் மீற்றர், அதாவது 80 அடி-இறாத்தல். 80 முதல் 100 கி.மீ. ஓடின பிறகு திரும்பவும் அதே முறுக்குக்குச் சரிபார்க்க வேணும். டொயோட்டா கொரோலா, ராவ்4 வைச்சிருக்கிற ஆக்களுக்கு 103 நியூட்டன் மீற்றர்.

சிவிக்கில காற்றமுக்க உணரி சில்லுக்குள்ள இல்லை, ஏபிஎஸ் சில்லுச் சுழற்சியை வைச்சுத்தான் கணக்குப் பார்க்குது. அதால உணரி வாங்கச் சொன்னால் வாங்காதேங்கோ. காற்றைச் சரியாக்கிப் போட்டு, திரையில வாகன அமைப்புக்குள்ள போய் அமுக்க அளவைத் திரும்பப் பதியுங்கோ. ராவ்4க்கு உணரி உள்ளுக்குள்ள, அதுக்குத் தனிச் செட் வேணும்.

பொதிகைத்தென்றல்

காற்று: ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுதான், பக்கச் சுவரில் இருப்பது அதிகபட்சம். கதவுத் தாளில் 16 அங்குலத்துக்குத் தனி எண் இல்லையென்றால் கையேட்டில் பாருங்கள். 10 டிகிரி இறங்கினால் ஏறத்தாழ 1.7 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) குறையும். 15 டிகிரி கராஜில் 33 வைத்துவிட்டு மைனஸ் 15-இல் வெளியே நிறுத்தினால் 28 தான் இருக்கும். அதனால் இரவு முழுக்க வெளியே நின்ற காரில், ஓட்டுவதற்கு முன் அளக்க வேண்டும். காற்றைக் குறைத்தால் பனியில் பிடிப்பு கூடும் என்று சிலர் சொல்வது நெடுஞ்சாலைக்குப் பொருந்தாது. டயர் சூடேறி ஓரம் தேயும், வளைவில் தள்ளாடும்.

கார்த்திகைப்பூ

காப்புறுதிக்காரருக்குச் சொல்ல மறக்க வேண்டாம். 2016 ஜனவரி 1 முதல் ஒன்ராறியோவில் வின்டர் ரயருக்குக் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு கொடுப்பது கட்டாயம். எவ்வளவு, எந்தத் திகதியில் இருந்து எந்தத் திகதி வரை போட்டிருக்க வேண்டும், ஓல்-வெதருக்கும் உண்டா என்பதெல்லாம் கொம்பனிக்குக் கொம்பனி மாறும். பற்றுச்சீட்டை வைத்திருங்கள்.

கிளுவைவேலி

முடிவு: எக்ஸ்-ஐஸ் ஸ்நோ 215/55 ஆர்16 நாலு, 16க்கு 7 அலோய் றிம் 5க்கு 114.3, 73.1–64.1 வளையம், நட் பழசு, டோர்க் ரெஞ்ச், ஆழமானி. ஏப்ரலில கழட்டிக் கராஜில வீட்டைச் சூடாக்கிற சூளைக்குப் பக்கத்தில அடுக்கலாம் எண்டு இருக்கிறன்.

முறுக்காணி

ரெண்டு இடத்தில திருத்துங்கோ. நட் பழசு இல்லை, கூம்பு அடி இருபது. பழைய உருண்டை நட்டைப் பையில போட்டு 18 அங்குலச் செட்டோட கட்டி வையுங்கோ, ஏப்ரலில அது வேணும். சூளைக்குப் பக்கத்தில வைக்காதேங்கோ, வெக்கையும் மோட்டரில இருந்து வாற ஓசோனும் ரப்பரை வெடிக்க வைக்கும். உப்பைக் கழுவிக் காயவிட்டு, ஒவ்வொண்டிலயும் முன் இடது, பின் வலது எண்டு சோக்கால எழுதி, கறுப்புப் பையில கட்டி, றிம்மோட இருக்கிறதால படுக்கையா ஒண்டின் மேல ஒண்டு அடுக்குங்கோ. அடுத்த ஒக்டோபரில முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் போடலாம், தேய்மானம் ஒரே அளவில இருக்கும். வித்தியாசம் வந்திருந்தால் ஆழம் கூடின ரெண்டும் பின்னுக்கு.